கடிகாரத்துக்குள் கெம்பு

நீ இன்னும் பிறக்கவில்லை. என் வயிற்றில் வலது பக்கமாக ஒதுங்கிப் படுத்திருக்கிறாய். சப்பணமிட்டு உட்கார்ந்தால் உதைக்கிறாய் என்று சுவரில் சாய்ந்து காலை நீட்டி, மடியில் முறத்தைக் கவிழ்த்து, அதன்மேல் தாளை வைத்து எழுதுகிறேன். எனக்குப் பதினேழு வயது. நீ இதைப் படிக்கும்போது என்னைவிட மூத்தவனாகவோ மூத்தவளாகவோ இருப்பாய். உனக்குக் கல்யாணம் பேசத் தொடங்கும்போதுதான் இதை உன் கையில் கொடுக்க வேண்டும் என்று என் அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். மகனா மகளா என்று தெரியாததால் நீ என்றே எழுதுகிறேன்.

ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் நின்றுபோனது. பெரியவளானதும் நிறுத்திவிட்டார்கள். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது, வாய் உலர்ந்துவிடும். எழுத வரும். இந்தக் கடிதத்துக்கு இப்போது அவசரம் என்ன என்று நீ கேட்கலாம். நேற்று மருத்துவச்சி வந்து வயிற்றைத் தடவிப் பார்த்தாள். கையைக் கழுவிக்கொண்டு அம்மாவைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனாள். "தலை இன்னும் திரும்பலம்மா. பார்க்கலாம்" என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது. எங்கள் வீட்டு வரிசையில் கடைசி வீட்டிலிருந்த அக்காவுக்கும் போன மாசியில் இப்படித்தான் சொன்னார்கள். குழந்தை பிழைத்தது. அக்காவின் வளையல்களை அவள் அம்மா ஒரு துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு லால்குடிக்குப் போனாள். நான் இல்லாமல் நீ மட்டும் இருந்தால் உன்னிடம் ஒரு கதை சொல்வார்கள். அது என்ன கதை என்று எனக்கு இப்போதே தெரியும். கள்ளக் கல் வைத்த கடிகாரத்தோடு வந்தவள் உன் தாய் என்பார்கள். அதைக் கேட்பதற்கு முன் நீ இதைப் படிக்க வேண்டும்.

என் அப்பாவுக்குப் பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை. சங்கு ஊதுவதற்கு முன் வாசலைத் தாண்டிவிடுவார். உன் அப்பாவின் வீடு ஸ்ரீரங்கத்தில், அடையவளஞ்சான் வீதியில். அவருடைய அப்பாவை நான் மாமா என்று கூப்பிடுகிறேன். மாமாவுக்குத் திருச்சி சின்னக்கடைத் தெருவில் கல் வியாபாரம். தோட்டுக்கும் மூக்குத்திக்கும் பதிக்கிற சிவப்புக் கெம்பு, பச்சை, வெள்ளைக் கற்கள். பெண் பார்க்க வந்தபோது மாமா பாத்திரம் கேட்கவில்லை, பட்டு கேட்கவில்லை. "பையனுக்கு ஒரு கைக்கடிகாரம் போடுங்க. சுவிஸ் கடிகாரம். தங்கத்துல இருக்கணும். உள்ள கெம்பு வச்சதா இருக்கணும்" என்றார். என் அப்பா சரி என்றார். தன் வேலையே நேரத்தோடு சம்பந்தப்பட்டது என்பதால் மாப்பிள்ளைக்கு நல்ல கடிகாரம் போடுவதில் அவருக்கும் ஆசை. மெட்ராஸுக்குப் போய் மவுண்ட் ரோடில் ஒரு பெரிய கடையில் வாங்கிவந்தார். கண்ணாடிக்குள் ஆறு என்ற எண்ணுக்குக் கீழே சின்ன எழுத்தில் சுவிஸ் என்று இங்கிலீஷில் போட்டிருந்தது. பதினைந்து கல் என்று கடைக்காரர் தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். கல்யாணப் பந்தலில் அதைக் கட்டிவிட்டபோது மாமா எல்லாருக்கும் கேட்கும்படி, "பதினஞ்சு கெம்பு, பதினஞ்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது.

கல் வியாபாரிகள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. புதுக் கல்லை உடனே அணிய மாட்டார்கள். துணியில் முடிந்து தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குவார்கள். நல்ல கனவு வந்தால் அந்தக் கல் அந்த ஆளுக்குச் சேரும்; கெட்ட கனவு வந்தால் சேராது. கடிகாரத்துக்குள் கெம்பு இருக்கிறதே என்று மாமா அதையும் முடிந்து உன் அப்பாவின் தலையணைக்கு அடியில் வைத்தார். காலையில் கூடத்தில் நின்று விசாரித்தார்.

"கனவு எதாச்சும் கண்டியாடா?"

"தூங்கவே இல்லைப்பா. காதுக்குள்ள டிக் டிக்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு."

"தூங்க விடாத கல்லு என்ன கல்லுடா?"

"கல்லு எங்கங்க சத்தம் போடும். அது மெஷினு போடற சத்தம்" என்றார் அத்தை, உன் அப்பாவின் அம்மா, அடுப்படியிலிருந்து.

"நீ குழம்பைப் பாரு."

உன் அப்பா என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த வீட்டில் நான் சிரித்த முதல் நாள் அது. மாமா மட்டும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அந்தக் கடிகாரத்தை அவர் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது; கடன்காரனைப் பார்க்கிற பார்வை. பிறகு அத்தைக்கு அதன் தோல் பட்டை பிடிக்கவில்லை. தோலைக் கையில் கட்டிக்கொண்டு பூஜை அறைப் பக்கம் வராதே என்றார். பட்டையைக் கழற்றிவிட்டு ஆசாரியிடம் தங்கத்தில் சங்கிலி செய்து போட்டார்கள். ஆசாரி பின்மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, உள்பக்கம் இங்கிலாந்து முத்திரை இருப்பதாகச் சொன்னார். கூடு ஒரு தேசம், உள்ளே இருக்கும் யந்திரம் ஒரு தேசம். மாமா அன்றைக்கே ஜட்கா வண்டி பிடித்துப் பொன்மலைக்குப் போய் என் அப்பாவிடம் கேட்டாராம்.

"என்ன சம்பந்தி, கூடு ஒரு ஊரு, குடல் ஒரு ஊரு. கடிகாரமா, கதம்ப சாதமா?"

"ரயில் எஞ்சினும் அப்படித்தாங்க. பாய்லர் ஒரு இடத்துல செய்வாங்க, சக்கரம் ஒரு இடத்துல. ஓடுதா இல்லையான்னு பாருங்க."

"நான் பையனுக்கு எஞ்சின் கேக்கலையே."

என் அப்பா அதற்கும் சிரித்திருக்கிறார். இருவரும் ஒரே பொருளைப் பற்றிப் பேசவில்லை என்பதை அவர் கவனிக்கவில்லை. அவருக்கு அது ஓடினால் போதும். மாமாவுக்கு அது எங்கே பிறந்தது, உள்ளே என்ன இருக்கிறது, நாளைக்கு விற்றால் யார் என்ன தருவார்கள் என்பதுதான் கடிகாரம். உனக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு பொருளை இன்ன ஊரில் செய்தார்கள் என்று கேட்பது தப்பில்லை. நல்ல அரிசி எந்த ஊரிலிருந்து வந்தது என்று நாமும் கேட்கிறோம். ஆனால் கேட்கிறவர் எதைத் தெரிந்துகொள்ள அதைக் கேட்கிறார் என்று பார். சிலர் வாங்குவதற்குக் கேட்பார்கள். சிலர் திருப்பிக் கொடுப்பதற்குக் கேட்பார்கள்.

மத்தியானங்களில் அந்த வீட்டுப் பெண்களுக்குக் கல் பிரிக்கிற வேலை. கூடத்தில் வெளிச்சம் விழும் இடத்தில் பித்தளைத் தாம்பாளத்தை வைத்து, பட்டை தீட்டிவந்த கற்களை நிறத்துக்கு நிறம் ஒதுக்க வேண்டும். அவற்றில் முக்கால்வாசி பூமியில் விளைந்த கல் இல்லை. சீமையில் ஆலையில் உருக்கிச் செய்த கெம்பு. எரிந்து அணைந்த மெழுகுவர்த்தியின் அடித்துண்டு மாதிரி கட்டியாக வரும். இங்கே திருச்சியில் வெட்டிப் பட்டை தீட்டுவார்கள். அது வந்த அட்டைப் பெட்டி ஒன்று ஒரு நாள் என் கையில் கிடைத்தது. பள்ளியில் படித்த இங்கிலீஷ் எழுத்துக்களைக் கூட்டிப் பார்த்தேன். கடிகாரத்தில் ஆறுக்குக் கீழே இருக்கும் அதே எழுத்துக்கள். காவேரிப் பாலத்தில் ஜட்காவில் போகும்போது உன் அப்பாவிடம் அதைச் சொன்னேன். அவர் வண்டிக்காரருக்குக் கேட்காமல், "அப்பாகிட்ட சொல்லிடாதே" என்றார். பிறகு கடிகாரத்தைக் கழற்றி என் கையில் மாட்டிவிட்டார். "கட்டிப் பாரு. கைக்குள்ள பூச்சி ஓடற மாதிரி இருக்கும்." இருந்தது. கீழே ஆற்றில் தண்ணீர் கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. பாலம் முடிகிற வரை அது என் கையில் இருந்தது. உன் அப்பா கெட்டவர் இல்லை என்பதற்கு என்னிடம் இருக்கும் சாட்சி அந்த ஒரு பாலம்தான்.

ஆடியில் உன் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. இறங்கவே இல்லை. டாக்டர் வந்து மருந்து கொடுத்தார். இன்னொரு பக்கம், சேராத கல்தான் காய்ச்சலைக் கொண்டுவந்தது என்று மாமா கல் நோட்டம் பார்க்கிறவரைக் கூட்டிவந்தார். நாங்கள் கல் பிரிக்கும் அதே தாம்பாளத்தை எடுத்துவைத்து, அதில் கடிகாரத்தை வைத்துப் பின்மூடியைத் திறந்தார்கள். நோட்டக்காரர் கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு வெகுநேரம் குனிந்திருந்தார். நான் கதவோரம் நின்றிருந்தேன். உள்ளே உன் அப்பா காய்ச்சலில் முனகுவது கேட்டது.

"கெம்பு மாதிரிதான் இருக்கு. ஆனா ஆலைக் கல்லு."

"நிச்சயமா?"

"நம்ம கடைக் கல்லு எனக்குத் தெரியாதாங்க. அதோட நடுவுல ஓட்டை வேற."

"ஓட்டைன்னா?"

"தொளைச்சிருக்கு. கண்ணுக்குத் தெரியற கல்லு எல்லாத்துலயும்."

மாமா தாம்பாளத்திலிருந்து கையை எடுத்துக்கொண்டார். துளை விழுந்த கெம்பை அணிந்தால் ஆளைக் கொல்லும், குடியைக் கெடுக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்தத் துளையில்தான் சக்கரத்தின் அச்சு சுழல்கிறது, துளை இல்லாவிட்டால் கடிகாரமே இல்லை என்று என் அப்பா பிறகு எவ்வளவோ சொன்னார். யாரும் கேட்கவில்லை. ஏனென்றால் அன்று சாயங்காலமே கடிகாரம் நின்றுவிட்டது. அந்தத் தாம்பாளத்தில் எப்போதும் பட்டை தீட்டிய தூள் படிந்திருக்கும். அது உள்ளே போயிருக்கிறது. ஆனால் அந்த வீட்டில் அதை யாரும் தூள் என்று சொல்லவில்லை. பையன் காய்ச்சலில் கிடக்கிறான், கடிகாரம் நின்றுவிட்டது, மருமகள் வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்று மூன்றையும் சேர்த்துச் சொன்னார்கள். சொல்லும்போது என் வயிற்றைப் பார்த்தார்கள்.

உன் அப்பாவுக்குக் காய்ச்சல் இறங்கியது. ஏழாம் மாதம் வளைகாப்பு நடந்தது. மாமா சபையில் வந்து உட்காரவில்லை. என்னை அழைத்துப்போக என் அப்பா எழுந்தபோது, மாமா ஒரு சின்னத் துணிமுடிச்சைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தார்.

"இதையும் எடுத்துட்டுப் போங்க சம்பந்தி. நல்ல கல்லு வச்சது வாங்கிட்டு வாங்க. அப்புறம் பொண்ணை அழைச்சுக்கறதைப் பத்திப் பேசலாம்."

"சம்பந்தி, உங்க கடையிலயும் இதே கல்லுதானே..."

"கடையில விக்கறது வேற. வீட்டுல வைக்கறது வேற."

உன் அப்பா தூண் பக்கத்தில் நின்றார். இளைத்துப்போயிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கும் பேச வராது என்பதால் பேச வராதவர்கள் மீது எனக்குக் கோபம் வருவதில்லை. ஆனால் நீ அப்படி இருக்காதே. உன் மனைவியையோ உன்னையோ ஒரு துணிமுடிச்சோடு சேர்த்து வாசலுக்கு அனுப்புகிற நாள் வந்தால், வாய் உலர்ந்தாலும் பேசு. தப்பும் தவறுமாகப் பேசினாலும் போதும்.

பொன்மலைக்கு வந்ததும் என் அப்பா கடிகாரத்தைப் பழுதுபார்க்கக் கொடுத்தார். சுத்தம் செய்து கொடுத்தார்கள். ஓடியது. நாங்கள் அதைப் பெட்டியில் துணிக்கு அடியில் வைத்தோம். ஆவணியில் ஒரு நாள் அம்மா காந்தி மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்கும்போது ஸ்ரீரங்கத்து வெற்றிலைக்காரி பார்த்துப் பேசியிருக்கிறாள். முசிறியில் உன் அப்பாவுக்கு இன்னொரு பெண், வாழைத்தோட்டம் உள்ள வீடு, மாமா இரண்டு தரம் போய்வந்தார் என்று. அம்மா கூடையோடு வந்து, வாங்கிய கத்தரிக்காயை எல்லாம் அன்றைக்கே நறுக்கினாள். அவ்வளவு காய் எங்கள் மூன்று பேருக்குத் தேவையில்லை. நான் நிறுத்து என்று சொன்னபிறகும் நறுக்கினாள். என் அப்பா நிலத்தை விற்று வேறு கடிகாரம் வாங்குகிறேன் என்றார். எந்த ஊர்க் கல், யார் செய்த கூடு, எந்தக் கடிகாரம் வாங்கினால் மாமா திருப்திப்படுவார் என்று அவருக்கே தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

அப்போதுதான் சீமையில் சண்டை மூண்டது. பொன்மலையில் எல்லாரும் அதைத்தான் பேசினார்கள். கப்பல் வராது, சாமான் வராது, ஒர்க்ஷாப்பில் ராத்திரி பகலாக வேலை இருக்கும் என்றார்கள். எனக்கு அது எங்கோ நடக்கிற சண்டையாக இருந்தது. போன வெள்ளிக்கிழமை மாமாவின் ஜட்கா எங்கள் வாசலில் வந்து நிற்கிற வரைக்கும்.

தட்டு நிறையப் பழமும் பூவும் வைத்து எடுத்துவந்திருந்தார். அம்மா கொண்டுவந்த காப்பியில் பாதி வட்டாவில் கொட்டியிருந்தது. மாமா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"ஜோசியர்கிட்ட பார்த்தேன் சம்பந்தி. எல்லா தோஷமும் கழிஞ்சிருச்சாம். நம்ம வீட்டுப் பொண்ணு நம்ம வீட்டுல இருக்கட்டும்."

"ரொம்ப சந்தோஷங்க" என்றார் என் அப்பா.

"அந்தக் கடிகாரம் இருக்கா?"

"இருக்குங்க."

"ஓடுதா?"

"நல்லா ஓடுது."

"கொண்டாங்க பார்ப்போம்."

காதருகே வைத்துக் கேட்டார். மூடியைத் தடவினார். "சீமைக் கட்டி வரத்து நின்னுபோச்சு. கடையில பாதி காலி. கடிகாரமும் அப்படித்தான். இப்ப மெட்ராஸ்ல காசைக் கொட்டினாலும் சுவிஸ் சரக்குக் கிடைக்காது. வச்சிருக்கறவன் கெட்டிக்காரன்." இதை அவர் ஒளிக்காமல் சொன்னார். ஒளிக்க வேண்டிய விஷயமாக அவருக்குத் தோன்றவில்லை. துளை துளையாகவே இருந்தது. ஆலைக் கல் ஆலைக் கல்லாகவே இருந்தது. கப்பல் நின்றதும் தோஷம் கழிந்துவிட்டது.

நான் அடுப்படிக் கதவின் பின்னால் இருந்தேன். என் மனம் முதலில் சந்தோஷப்பட்டது, அதை மறைக்க மாட்டேன். உன்னைச் சுமந்துகொண்டு அந்த வீட்டுக்குப் போய்விடலாம், உன் அப்பாவைப் பார்க்கலாம் என்று இருந்தது. பிறகு யோசித்தேன். சண்டை ஒரு நாள் நிற்கும். கப்பல் மறுபடியும் வரும். அப்போது எனக்கு என்ன ஆகும்? உனக்கு என்ன ஆகும்? நான் வெளியே வந்தேன். மாமாவின் எதிரில் நின்று பேசியது அதுதான் முதல் தடவை. தரையைப் பார்த்துத்தான் பேசினேன்.

"கடிகாரத்தை இன்னைக்கே எடுத்துட்டுப் போங்க மாமா. நான் குழந்தை பிறந்தப்புறம் வரேன். அவங்க வந்து கூப்பிடட்டும்."

"யாரு?"

"அவங்கதான்."

மாமா என் அப்பாவைப் பார்த்தார். "நிறைமாசம், பாலத்துல வண்டி ஆடும். பொண்ணு சொல்றதும் சரிதான்" என்றார். அவர் தயங்கவே இல்லை. கடிகாரத்தைத் துணியில் சுற்றிச் சட்டையின் உள்பையில் வைத்தார். நல்ல சேதி சொல்லியனுப்புங்கள் என்றார். ஜட்கா தெருமுனை திரும்பியது.

"ஏண்டி, சேர்ந்தே போயிருக்கலாமேடி" என்று அம்மா அழுதாள்.

"விடு. அவ தெரிஞ்சுதான் சொன்னா" என்றார் என் அப்பா. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

ஒரு வாரமாக அந்த வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. மருத்துவச்சி நேற்று சொன்னதை என் அப்பா ஆள்விட்டுச் சொல்லியனுப்பினார். பதில் இல்லை. முசிறிப் பெண்ணைப் பற்றியும் ஒன்றும் தெரியவில்லை. நான் செய்தது சரியா என்று உன்னிடம் கேட்கிறேன். வேறு யாரிடம் கேட்பது. கடிகாரம் என் பக்கத்தில் இருந்திருந்தால் அவர்கள் வருவதற்கு ஒரு காரணம் இருந்திருக்கும். அந்தக் காரணத்தை நானே தூக்கிக் கொடுத்துவிட்டேன். இனி யாராவது வந்தால் எனக்காகவும் உனக்காகவும்தான் வர வேண்டும். நீ மகன் என்றால் உன்னை மட்டும் கேட்டு வருவார்கள் என்று அம்மா சொல்கிறாள். மகள் என்றால் என்ன ஆகும் என்று அவள் சொல்லவில்லை. எதுவாக இருந்தாலும் நீ உதைப்பது எனக்கு ஒன்றுதான்.

உனக்குப் பெண் பார்க்கப் போனாலும், உன்னைப் பார்க்க வந்தாலும், உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்கிற அவசரம் வேண்டாம். திறந்தவர்கள் தாம்பாளத்திலிருந்த தூள்தான் உள்ளே போனது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இதற்கு மேல் படித்தவர்கள் சொன்னால் அதையும் கேட்டுக்கொள்.

காலையிலிருந்து இடுப்பில் ஒரு வலி வந்து வந்து போகிறது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் எழுத விட மாட்டாள். வாசலில் ஏதோ ஜட்கா வந்து நிற்கிறது. குதிரை மூச்சுவிடுவது இங்கே கேட்கிறது. அம்மா கைவேலையைப் போட்டுவிட்டு எட்டிப் பார்க்கப் போயிருக்கிறாள். எங்கள் வீட்டுக்கா, பக்கத்து வீட்டுக்கா, யார் இறங்குகிறார்கள், ஒன்றும் தெரியவில்லை. என்னால் இப்போது எழுந்து பார்க்க முடியாது. நீ இதைப் படிக்கும் நேரத்தில் உனக்கு அது தெரிந்திருக்கும்.

உன் அம்மா